ரெட்டைமாடு

போன் அடித்தபோது பாய்லர்காரரின் மனைவி ஒரு படுக்கை விரிப்பின் கிழிசலுக்கு ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் வேலை பார்க்கும் சலவை ஆலையிலிருந்து வாரா வாரம் ஒரு மூட்டை கிழிசல் வீட்டுக்கு வரும். ஆஸ்பத்திரி விரிப்பும் ஹோட்டல் விரிப்பும் கலந்துகட்டி இருக்கும். கையில் எடுத்ததுமே எது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரி விரிப்பு நடுவில் தேயும், ஹோட்டல் விரிப்பு ஓரத்தில் கிழியும். "படுத்தே கிடக்கறவன் நடுவுல தேய்க்கிறான், உருண்டு விளையாடறவன் ஓரத்தைக் கிழிக்கிறான்" என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அன்றைக்குக் கையில் இருந்தது நடுவில் தேய்ந்தது.

போன் அவருடையது. பாய்லர் ரூம் சூட்டில் கெட்டுப்போகிறது என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார். வெளியே மழை விட்டபாடில்லை. தகரக் கூரை மேல் பெய்யும் சத்தத்தில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"லேப்ல இருந்து பேசறோம். சார் இருக்காருங்களா?"

"வேலைக்குப் போயிருக்காரு. நான் அவர் வீட்டுக்காரி. என்ன விஷயம்?"

"உங்க கம்பெனி கேம்ப்ல எடுத்த ரத்தத்துல ஒரு டெஸ்ட் ரொம்ப அதிகமா இருக்குங்க. போன வாரமே சார்கிட்ட சொல்லிட்டோம். டாக்டரைப் பார்த்தாரான்னு கேட்கத்தான் கூப்பிட்டேன்."

"என்ன டெஸ்ட்டும்மா?"

அந்தப் பக்கம் இருந்த பெண் கொஞ்சம் இழுத்தாள். "வயிறு, குடல், கணையம் சம்பந்தப்பட்டதுங்க."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. உனக்குப் புண்ணியமா போகும்."

"கேன்சர் மார்க்கர்னு சொல்வாங்கம்மா. ஆனா அதை மட்டும் வச்சு எதுவும் முடிவு பண்ணக்கூடாது. டாக்டரைப் பாருங்க. தள்ளிப்போடாதீங்க, அவ்வளவுதான்."

தையல் மிஷினில் ஊசி துணிக்குள் இறங்கியபடி நின்றது. சாயங்காலம் அவர் வந்து பார்க்கும்போதும் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தது.

ஆலையில் வருஷத்துக்கு ஒரு தடவை இந்த கேம்ப் நடக்கும். கேன்டீன் மேசைகளை ஒதுக்கிவிட்டு, இரண்டு நர்சுகள் உட்கார்ந்து ரத்தம் எடுப்பார்கள். இந்தத் தடவை நிர்வாகத்துக்கு என்ன தாராளம் பொங்கியதோ, நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு மட்டும் கூடுதலாக நாலைந்து பரிசோதனை என்று அறிவித்திருந்தார்கள். சின்னவர்களுக்கு வழக்கமானது மட்டும். அவள் தம்பி சின்னவன். அவனுக்கு ரிப்போர்ட் முன்பே வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டி, "பாருக்கா, குதிரை மாதிரி இருக்கேனாம்" என்று பீற்றிக்கொண்டு போனான். அன்றைக்கு அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பாய்லர்காரர் வந்து குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். கை, கால் கழுவினார். அவள் சாப்பாடு எடுத்து வைக்கவில்லை.

"லேப்ல இருந்து போன் வந்துது" என்றாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"ஒரு வாரமா மனசுல வச்சுக்கிட்டு என்கிட்ட சொல்லாம இருந்திருக்கீங்களே, நான் யாரு உங்களுக்கு?"

"அது மெஷின் தப்பு."

"என்ன மெஷின் தப்பு?"

"எத்தனை மீட்டரைப் பார்த்தவன் நான். முள்ளு ஒட்டிக்கிட்டா தப்பாத்தான் காட்டும். விரலால ஒரு தட்டு தட்டினா இறங்கிடும்."

"அப்ப தட்டிப் பார்க்கலாம் வாங்க. இன்னொரு தடவை ரத்தம் கொடுங்க. இறங்கிடுச்சுன்னா நல்லதுதானே?"

"வேண்டாம்னா விடு."

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருட்டாயிடுமா?"

அவர் வாசலில் போய் நின்று மழையைப் பார்த்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லாத. முக்கியமா மாப்ளகிட்ட மூச்சு விட்டுடாத. எனக்கு வாக்கு கொடு."

தம்பி தெரிந்தால் துடித்துப்போவான் என்று நினைத்துத்தான் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அழுதுகொண்டே வாக்குக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவள் எப்படித் தள்ளினாள் என்பது அவளுக்கே தெரியாது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைவது என்பார்களே, அதுதான். அவர் தண்ணீர் குடித்தால் தொண்டையைப் பார்ப்பாள். படுத்தால் வயிறு ஏறி இறங்குவதைப் பார்ப்பாள். முட்டையை உடைத்து ஊற்றி, பாலைச் சுண்டக் காய்ச்சி, "ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று குழந்தைக்கு ஊட்டுவது போல முன்னால் உட்கார்ந்துகொள்வாள். அவருக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. இறங்காததைப் பார்த்து, அதுவே நோயின் அடையாளம் என்று இன்னும் கலங்கினாள். அவர் அடிக்கடி எழுந்து பின்பக்கம் போவதும், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதும், காலில் ஒரு சின்னப் புண் ஆறாமல் இருப்பதும் எல்லாமே அவள் கணக்கில் புற்றுநோயாகத்தான் தெரிந்தன. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட பயத்தைப் போலக் கெட்டிக்கார ஆள் கிடையாது.

ஒருநாள் அவர் வேலைக்குப் போன பிறகு, துணி மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு வேண்டினாள். எந்தச் சாமி என்றெல்லாம் பார்க்கவில்லை. கேட்கிற சாமி கேட்கட்டும் என்று வேண்டினாள். "இவரை விட்டுடு. இவரை மட்டும் விட்டுடு. உனக்கு ஒரு உசுரு வேணும்னா வேற யாரை வேணும்னாலும் எடுத்துக்க. நான் ஏன்னு கேட்க மாட்டேன்." மூட்டையில் சோப்பு வாசம் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான்.

தம்பி என்று சொன்னாலும் அவளுக்கு அவன் பிள்ளை. அம்மா சாகும்போது அவன் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான். கல்யாணமாகி வரும்போது அவள் சீதனமாகக் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் கையில் பிடித்த இந்தப் பையனும்தான் என்று புருஷன் வீட்டில் கேலி பேசுவார்கள். பாய்லர்காரர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தன் தோளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார். வளர்ந்ததும் தன் ஆலையிலேயே சேர்த்துவிட்டார். அவர்களுக்கென்று ஒரு குழந்தை பிறக்கவில்லை. அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொண்டவன் அவன்.

ஆலையில் அவனுக்கு ரெட்டைமாடு என்று பெயர். துவைத்து எடுத்த ஈரத் துணி மூட்டை இருக்கிறதே, அதை இரண்டு ஆள் சேர்ந்து ஆளுக்கொரு முனை பிடித்துத்தான் தூக்க வேண்டும். இவன் ஒருத்தனே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போவான். யாராவது மறுமுனையைப் பிடிக்க வந்தால், "விடுங்க விடுங்க, நீங்க பிடிச்சா எனக்குக் கனம் ஜாஸ்தியாகும்" என்பான்.

"என்னக்கா, வீடே எழவு வீடு மாதிரி இருக்கு? மாமாகூடச் சண்டையா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான்.

"நாக்குல நல்ல வார்த்தை வராதா உனக்கு?"

"சரி சரி. சோறு போடு. உன் கைச் சோறு சாப்பிட்டு நாளாச்சு."

போட்டாள். அவன் பிசைந்தான், பேசினான், சிரித்தான். தட்டில் பாதி அப்படியே இருந்தது. முட்டையைத் தொடவே இல்லை. முன்பெல்லாம் கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அது.

"ஏன்டா வச்சுட்டே?"

"இப்பல்லாம் கொஞ்சம் சாப்பிட்டாலே நெஞ்சு வரைக்கும் நிக்குதுக்கா. வயசாகுதில்ல?" நாற்காலியில் சாய்ந்து, முதுகை இரண்டு பக்கமும் திருப்பி நெளித்தான். "மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வேற போச்சு. படுத்தாத்தான் ரொம்ப வலிக்குது. குனிஞ்சு உட்கார்ந்தா தேவலை."

"மெலிஞ்சு வேற போயிருக்கே. உன் பொண்டாட்டி சோறு போடறாளா இல்லையா?"

"அவளைச் சொல்லாதே, பாவம். பெல்ட்டுக்குப் புதுசா ரெண்டு ஓட்டை போட்டுக் கொடுத்ததே அவதான். இப்பத்தான் மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்னு சொல்றா."

பாய்லர்காரர் தன் தட்டை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "வயிறு எப்படி இருக்கு மாப்ள? வலி கிலி இருக்கா?" என்று கேட்டார். "ஒரு தடவை டாக்டரைப் பார்த்துடேன்."

"நல்ல கதை! எனக்குத்தான் ரிப்போர்ட் வந்துடுச்சே. கவர்மென்ட் முத்திரை குத்தாத குறை. நீங்க முட்டையைச் சாப்பிடுங்க மாமா."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் போன பிறகு என் பெண்டாட்டியைப் பார்த்துக்கொள் என்று கண்ணாலேயே சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள்.

தம்பி போனதும் அவள் முடிவெடுத்துவிட்டாள். மறுநாள் காலையில் குடையையும் பையையும் எடுத்து வாசலில் வைத்துவிட்டு, "நீங்க வரலைன்னா நான் ஆலை வாசல்ல போய் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுவேன்" என்றாள். செய்யக்கூடியவள்தான் என்று அவருக்குத் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் வயிற்று நோய்களுக்கு ஒரு டாக்டரம்மா. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முதலில் எரிச்சல்தான் பட்டார்.

"இதையெல்லாம் யாரு கேம்ப்ல எடுக்கச் சொன்னது? நல்லா இருக்கறவங்களைக் கூப்பிட்டு இதை எடுத்தா வீணா கலவரம்தான் மிச்சம்."

"அப்ப பயப்பட வேண்டாமாம்மா?" அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியும் சொல்ல மாட்டேன். கவனமா கேளுங்க. குடல், கணையம், பித்தப்பை இந்த இடத்துல புற்று இருந்தா சில பொருள் ரத்தத்துல கூடும். அதை அளந்து பார்க்கறதுதான் இது. ஆனா பித்தக்குழாய்ல கல் அடைச்சாலும் கூடும். கணையம் வீங்கினாலும் கூடும். சில பேருக்குப் புற்று இருந்தும் கூடவே கூடாது. புகை வருதுன்னா நெருப்பாவும் இருக்கலாம், அடுப்புல ஈர விறகாவும் இருக்கலாம். உள்ளே போய்ப் பார்த்தாத்தானே தெரியும்? அதனால இது துணைக்குத்தான், தீர்ப்பு இல்ல."

பாய்லர்காரர் தலையைக் குனிந்தபடி இருந்தார்.

"ஆனா இது கொஞ்சம் நஞ்சம் கூடலை. பல மடங்கு இருக்கு. உங்களுக்கு எடை குறைஞ்சிருக்கா?"

"தண்ணியா குடிக்கிறாரும்மா. கால்ல புண்ணு ஆறலை" என்று அவள்தான் சொன்னாள்.

டாக்டரம்மா அவருடைய கண் இமையை இழுத்துப் பார்த்தார், படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. "முதல்ல ரத்தத்தை மறுபடி எடுப்போம். சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்போம். அப்புறம் ஸ்கேன்."

ரத்தம் எடுக்கும் அறை சின்னது. கை நீட்டுவதற்கு ஒரு பலகை வைத்த நாற்காலி, பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஜன்னல் ஓரம் மழைத் தண்ணீர் சொட்டும் ஒரு பக்கெட். வெள்ளைக் கோட்டு போட்ட சின்னப் பெண் ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கையை நீட்டுங்க சார். விரலை மடக்கிக்கங்க."

அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

"ஏங்க, சின்னப் பிள்ளையாட்டம் பண்றீங்க? எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

"எடுத்துப் பிரயோஜனமில்ல."

"என்ன பிரயோஜனமில்ல?"

"என் ரத்தத்தை எடுத்துப் பிரயோஜனமில்லடி." அவர் குரல் உடைந்தது. "அன்னிக்கும் எடுத்தது என் ரத்தமில்ல."

அந்தப் பெண் பட்டையைக் கையில் வைத்தபடி நின்றாள். அவர் சொல்லத் தொடங்கினார். முன்னுக்குப் பின்னாகத்தான் சொன்னார். ஆனால் விஷயம் இதுதான். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மருந்துக் கடையில் விரலைக் குத்திப் பார்த்தபோதே கடைக்காரன் விசில் அடித்தானாம். சர்க்கரைக்காரனை நிர்வாகம் பாய்லர் பக்கம் வைக்காது. தலை சுற்றி விழுந்தால் ஆலையே போய்விடும் என்று வாசல் கேட் காவலுக்கு அனுப்பிவிடுவார்கள். அவருக்கு முன்னால் இருந்த பாய்லர்காரர் அப்படித்தான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வருகிற போகிற லாரிக்கெல்லாம் சலாம் போட்டு, அந்த அவமானத்திலேயே போய்ச் சேர்ந்தார். அதனால் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பு சரியில்லாதவன் பேரில், நன்றாக இருக்கிறவன் போய் ரத்தம் கொடுத்துவிடுவான். கைமாத்து என்று அதற்குப் பெயர். நர்சுக்கு எல்லாருமே காக்கிச் சட்டைதான். காலை ஷிப்டில் தன் பேரில் இடது கையை நீட்டியவன், மத்தியான ஷிப்டில் இன்னொருத்தன் பேரில் வலது கையை நீட்டுவான். வருஷாவருஷம் நடக்கிறது. ஒருத்தரும் மாட்டிக்கொண்டதில்லை.

அவள் அதையெல்லாம் பாதிதான் கேட்டாள். அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று.

"அப்ப உங்களுக்கு ஒண்ணுமில்லையா?"

"சர்க்கரை இருக்கு."

"சர்க்கரை கிடக்குது! ஊர்ல யாருக்குத்தான் இல்ல? அந்த நோய் உங்களுக்கு இல்லதானே?"

"இல்லன்னுதான் நினைக்கிறேன்."

அவள் சிரித்தாள். வாய்விட்டு, சத்தம் போட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று அந்தச் சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மற்றவன் ஞாபகம் வந்தது.

"ஐயோ, அப்ப அந்த ஆளு? எந்த மகராசி பெத்த பிள்ளையோ, பாவம். அவன் வீட்டுல தெரியுமா? யாருங்க அது?"

அவர் நிமிரவில்லை.

"யாருங்க? மடிக்கிற செக்ஷன்ல இருக்கானே, அந்த உயரமான பையனா?"

"நம்ம வீட்டுப் பிள்ளைதான்."

அப்போதும் அவளுக்குப் புரியவில்லை. நம்ம வீட்டில் ஏது பிள்ளை என்று யோசித்தாள். பிறகு அவர், "மாப்ளதான்" என்றார்.

பக்கெட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அவர் தோளில் அடித்தாள். முஷ்டியை மடக்கி, இரண்டு கையாலும், மாறி மாறி அடித்தாள். வெள்ளைக் கோட்டுப் பெண் வந்து பிடித்தாள். அவர் தடுக்கவில்லை.

"தெரிஞ்ச அன்னிக்கே ஏன் சொல்லல? ஏன் சொல்லல? உங்க முன்னாடி உட்கார்ந்து அரைத்தட்டு சோறு சாப்பிட்டுட்டுப் போனானே!"

"எப்படிச் சொல்வேன்? எனக்குன்னு நினைச்சே நீ இந்த அழுகை அழுதே. உன் தம்பிக்குன்னு சொன்னா…" அவர் மூக்கை உறிஞ்சினார். "மெஷின் தப்பா இருக்கணும், இருக்கணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன். பயமும்தான். பொய் சொல்ல மாட்டேன். வேலை போயிடும்னு பயம். அவனுக்கும் சேர்த்துப் போயிடும்னு பயம். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்துட்டேன்."

வேற யாரை வேணும்னாலும் எடுத்துக்க. அவள் சொன்ன வார்த்தைதான். துணி மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவளே சொன்னது. அந்த ரத்தம் கேம்ப்பில் எடுத்தது, வேண்டுதல் அதற்கப்புறம் வந்தது என்று கணக்குப் போட்டுச் சொன்னால் அறிவுக்கு ஏறும். அவளுக்கு ஏறவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்தத் தம்பிக்கு மெலிவு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுக்கிட்டானாம்."

"சாப்பாடு?"

"இறங்கலை."

"முதுகுல வலி?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஒரு நம்பரை வச்சு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்னு காலைல சொன்னேன். இப்பவும் சொல்ல மாட்டேன். கல்லாகவும் இருக்கலாம். ஆனா நம்பரும், மெலிவும், முதுகு வலியும் ஒண்ணா வந்து நின்னா நான் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன். இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. அவர் பேர்ல, அவர் கையிலயே ரத்தம் எடுக்கணும். ஸ்கேன் எடுக்கணும். நாளைக்குன்னு சொல்லாதீங்க. நிறைய நாள் போயிடுச்சு."

"கல்லா இருக்குமாம்மா?"

"இருந்தா உங்களைவிட எனக்குச் சந்தோஷம்" என்றார் டாக்டரம்மா. அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஆலைக்குப் போகும் வழியில் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நடந்தார்கள். அவர் குடையை அவள் பக்கமே சாய்த்துப் பிடித்ததில் அவருடைய ஒரு தோள் முழுக்க நனைந்திருந்தது. ஆலை வாசலில் நின்று, "மேனேஜர்கிட்ட நான் எல்லாத்தையும் சொல்லிடறேன். கேட்டுல உட்கார வச்சாலும் சரி, வீட்டுக்கு அனுப்பினாலும் சரி" என்றார். அதைக் கேட்க அவளுக்கு நேரமில்லை. உள்ளே நடந்தாள்.

துவைக்கும் கூடத்துக்குள் அவள் வந்து வருஷங்களாயிருந்தன. சோப்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாசம் மூக்கை அரித்தது. ஆள் உயர மெஷின்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தரையெல்லாம் வெந்நீர். அந்த ஆவிக்குள் தம்பி ஒரு மூட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவர்களைப் பார்த்ததும் ஓடி வந்து, தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனான்.

"என்ன மாமா, லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரி போயிருக்கீங்கன்னு சொன்னாங்க. நேத்தே எனக்கு சந்தேகம்தான், மூஞ்சியே சரியில்லை. என்ன, சர்க்கரை ஏறிடுச்சா?"

அவர் நனைந்த தோளைக் கையால் துடைத்துக்கொண்டார்.

தம்பி அக்காவைப் பார்த்தான். அவளுடைய வீங்கிய கண்ணைப் பார்த்துத் தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். "ஆபரேஷனா? ரத்தம் வேணுமாக்கா? அதுக்கு ஏன் அழறே? நான் இருக்கேன்ல?" என்று சட்டைக் கையைச் சுருட்டினான். "எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லு. மாமாவுக்கு இல்லாத ரத்தமா? கைமாத்து இல்ல, இந்தத் தடவை இனாமாவே கொடுத்துடறேன்."

முன்பெல்லாம் அந்தச் சட்டைக் கை முழங்கையைத் தாண்டாது. தசை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இப்போது தடையில்லாமல் தோள்பட்டை வரைக்கும் ஏறியது. அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத்தான்டா" என்றாள்.

"என்ன? சத்தத்துல கேட்கலக்கா."

"அன்னிக்கு மாமா பேர்ல கொடுத்தியே…"

"கேட்கல. சத்தமா சொல்லு."

அவள் எட்டி அவன் காதருகே வாயை வைத்தாள். மெஷின்கள் அத்தனையும் ஒன்றாகச் சுற்றின. மெதுவாகச் சொல்ல வேண்டிய வார்த்தையை, இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையின் காதுக்குள் அவள் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "அந்த ரத்தத்துல கேன்சர் இருக்கலாம்னு சொல்றாங்கடா. அது உன் ரத்தம்டா. மாமாவோடது இல்ல. உன்னோடது. இன்னைக்கே உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

அவன் அவளைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். கொஞ்ச நேரம் நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்தான்.

"அப்ப மாமாவுக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டான்.

பாய்லர்காரர் அங்கேயே தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அந்தப் பெரிய முதுகு குலுங்கியது. அவன் போய் அந்த முதுகில் கை வைத்தான். "விடுங்க மாமா. எனக்குத்தான் ரிப்போர்ட் நல்லா வந்துச்சே" என்று சொல்லத் தொடங்கியவன், தன் பேரில் அந்தக் கூடுதல் டெஸ்ட் எடுக்கவே இல்லை என்பது உறைத்துப் பாதியில் நிறுத்தினான். அவனுடைய கை மெதுவாகத் தன் முதுகுப் பக்கம் போய், வலிக்கிற இடத்தில் நின்றது.

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். "இந்த ஒரு மூட்டையை வச்சுட்டு வந்துடறேன்க்கா. பாதியில விட்டா அடுத்தவன் திட்டுவான்" என்று குனிந்து அதைப் பிடித்தான். தூக்கினான். அது தரையை விட்டு எழும்பி, முழங்கால் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றது.

பாய்லர்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் மறுமுனையைப் பிடித்தார். அவன் விடுங்கள் என்று சொல்லவில்லை.